பயப்படாதவருக்கு ஊசி இல்லை

மெத்தையார் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். டாக்டர், "இன்சுலின் ஊசி ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்டதும், "சரிங்க" என்று சொல்லிவிட்டார்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேள்வியைக் கேட்க அவர் மூன்று வருடமாகத் தயங்கிக்கொண்டிருந்தார். மெத்தையாரின் சர்க்கரை ஏறும்போதெல்லாம் ஒரு மாத்திரையைச் சேர்த்தார். மாத்திரை நான்கு ஆகி, இனிச் சேர்க்க மாத்திரையே இல்லை என்று ஆனபோது நடக்கச் சொன்னார். நடந்தும் இறங்கவில்லை என்றதும், இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கச் சொன்னார். கடைசியில் சுகாதார மையத்து நிர்வாகம் அவரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. இன்சுலின் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பயிற்சி. முடிவில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்று கொடுத்தார்கள். ஒரு பக்கம் நோயாளிகள் சொல்லக்கூடிய ஏழு மறுப்புகள். மறுபக்கம் ஏழு பதில்கள். டாக்டர் அதைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிப் பழகியிருந்தார். நான்காவது பதிலில் கொஞ்சம் குரல் தழுதழுக்கக்கூட வைத்திருந்தார்.

இப்போது எதிரே உட்கார்ந்திருந்த ஆள் "சரிங்க" என்கிறார். டாக்டர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதில் "சரிங்க" இல்லை.

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? போடுங்க. இன்னைக்கே போட்டாலும் சரி."

மெத்தையாருக்கு வேறு போக்கில்லை. பேருந்துக்கும் லாரிக்கும் காருக்கும் சீட்டு உறை தைப்பது அவர் தொழில். முப்பது வருடமாகத் தைக்கிறார். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவர் மனைவியே விண்ணப்பப் பாரம் நிரப்பும்போதுதான் நினைத்துப் பார்ப்பாள். நாலு மாதமாக அவர் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஊசியின் காதில் நூல் ஏறவில்லை. கடையில் கூட்டாளியாக இருந்த மச்சான்தான் கோத்துக் கொடுத்தான். போன வாரம் ஓட்டுநர் சீட்டு ஒன்றைத் தைத்து முடித்து எழுந்தபோது சீட்டும் அவரோடு எழுந்தது. தன் கால்சட்டையையும் சேர்த்து, நெருக்கமான, அழகான தையலாகப் போட்டிருந்தார். மச்சான் கத்தரிக்கோலோடு வந்து அவரைப் பிரித்தெடுத்தான்.

கண் டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இப்போதைக்குக் கண்ணு கெட்டுப் போகல. சர்க்கரைதான் ஆட்டம் காட்டுது. அதை இறக்கிட்டு வாங்க. இப்படியே விட்டீங்கன்னா, அப்புறம் நான் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

தையல்காரனுக்குக் கண் போனால் மிச்சம் என்ன? மெத்தையார் இதை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் உருக்கமாகத் தலையாட்டிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார்.

திரையில் ஒரு பாரம் திறந்திருந்தது. தலைப்பு: இன்சுலின் தொடக்கம், முதல் பக்கம். முதல் கேள்வி: மறுப்புக்கான காரணம். கீழே ஏழு காரணங்கள். ஊசி பயம், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள், இது கடைசிக் கட்டமோ என்ற கலக்கம், அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஏழில் ஒன்றைத் தொடாவிட்டால் இரண்டாம் பக்கம் திறக்காது. ஊசியின் அளவு இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

டாக்டர் சுட்டியை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடன் கேட்பவர் போலக் கேட்டார்: "கொஞ்சம் மறுத்துப் பாருங்களேன்."

"நான் எதுக்குங்க மறுக்கணும்?"

"அதான் எனக்கும் புரியல. எல்லாரும் மறுப்பாங்க. மறுத்தா நான் பேசுவேன். நான் பேசினா மனசு மாறுவாங்க. அப்படித்தான் வழி போட்டிருக்காங்க. நீங்க நேரா மனசு மாறின இடத்துல வந்து நிக்கிறீங்க. நடுவுல இருக்கிற படியெல்லாம் காலியா இருக்கு."

அவருக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் முடிந்திருந்தது. வெளியே அடுத்த நோயாளி இருமினார். டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: மறுக்கவில்லை. ஆலோசகர் பார்க்கவும்.

*

ஆலோசகரின் அறையில் மேசை இல்லை. மேசை மனிதர்களைப் பிரிக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். இரண்டு நாற்காலிகள் முழங்கால் இடிக்கும் தூரத்தில் இருந்தன. உட்கார்ந்ததும் மெத்தையாரின் கை தானாகச் சீட்டின் அடியைத் தடவியது. மலிவான நுரை, ஒரு வருடம் தாங்காது.

ஆலோசகர் அம்மா புன்னகை மாறாதவர். அவர் மடியில் ஒரு முழம் நீளத்துக்கு ஒரு அளவுகோல் இருந்தது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை. ஒவ்வோர் எண்ணுக்கு மேலும் ஒரு முகம் வரைந்திருந்தார்கள். பூஜ்யத்தில் சிரிப்பு, பத்தில் வாய் பிளந்த அலறல்.

"இதுதான் எங்க பயக்கோல். கண்ணை மூடிக்குங்க. ஒரு ஊசி உங்க பக்கத்துல வருது. என்ன தோணுது?"

"நூல் கோக்கணும்னு தோணுது."

"இல்ல, மனசுல என்ன வருது?"

"என்ன நம்பர் ஊசின்னு பாக்கத் தோணுது. ரெக்சின்னா தடியா வேணும்."

ஆலோசகர் புன்னகை மாறாமல் பூஜ்யம் என்று எழுதினார். எழுதிய பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு சிக்கல் இருக்கு" என்றார். "எங்க திட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது மூணு புள்ளி பயத்தைக் குறைக்கணும். அதுதான் இலக்கு. பூஜ்யத்துல இருந்து நான் எப்படி மூணு குறைக்கிறது?"

"அப்படியே விட்டுடுங்களேன்."

"விட்டா, ஆலோசனை பலன் தரலைன்னு ஆகும். குறைச்சா, நீங்க ஊசிய ஆசைப்பட்டுக் கேக்கிறீங்கன்னு ஆகும். அதுக்கு வேற பிரிவு. அது இந்தக் கட்டடத்துல இல்ல."

ஆலோசகர் பயக்கோலின் முகங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு ஆலோசகரின் முகம் தெளிந்தது. அவர் முன்னால் சாய்ந்து, மெத்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமே இல்லைன்னு சொல்றவங்கதான் ரொம்பப் பயந்தவங்க. உள்ளே எவ்வளவு ஆழத்துல புதைச்சு வெச்சிருக்கீங்க! அதை வெளியே எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் வாங்க."

*

"என்னது, பயத்தை எடுத்துக்கிட்டா?" என்றான் மச்சான். அவன் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே ரெக்சின் வெட்டினான். "மாமா, கடைக்குக் கடை ஏறி இறங்கினாலும் உங்க சைசுக்குக் கிடைக்காதே!"

மெத்தையாரின் மனைவி சிரிக்கவில்லை. அவள் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அரசாங்கத்தின் உள்மனம் அவளுக்கு அத்துப்படி.

"என்னங்க, உங்களுக்கு விவரமே பத்தல" என்றாள். "பாரத்துல கட்டம் இருந்தா கட்டத்தை நிரப்பணும். உண்மைய யாரு கேட்டா? பயந்தவரு மாதிரி நடிங்க. போட்டுட்டுப் போறாங்க."

"எனக்கு நடிக்க வராதே."

"அன்னைக்கு எங்க அண்ணன் வந்தப்ப ஜுரம்னு போர்வைய இழுத்துப் போத்துக்கிட்டுப் படுத்தீங்களே, அது யாரு கத்துக் கொடுத்தது?"

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. மனைவி பொத்தான் தைக்கும் ஊசியை நீட்டிக்கொண்டு அடுக்களையிலிருந்து மெதுவாக வந்தாள். மெத்தையார் நாற்காலியில் உட்கார்ந்து அலற வேண்டும். முதல் தடவை அவர் "ஐயோ" என்று சொன்னது, பேருந்து போய்விட்டதைச் சொல்வது போல இருந்தது. இரண்டாம் தடவை ஊசியை வாங்கி, முனை மழுங்கியிருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணு போறத நினைச்சுப் பாருங்க" என்றாள் மனைவி, சட்டென்று. "ஊசிய விடுங்க. கடைய மூடிட்டு, சும்மா இந்த நாற்காலில உக்காந்திருக்கிறத நினைச்சுப் பாருங்க."

மெத்தையார் நினைத்துப் பார்த்தார்.

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். கையில் ஊசியோடு நின்ற மனைவியையும், நாற்காலியில் வியர்த்துக் கிடந்த கணவரையும் பார்த்துவிட்டு, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

*

அடுத்த வாரம் ஆலோசகரின் அறையில் மெத்தையார் பத்து வாங்கினார். ஆலோசகர் நெகிழ்ந்து போனார். இவ்வளவு நேர்மையான பயத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார்.

"அப்ப ஊசி போட்டுடலாங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் மெத்தையார்.

"பத்துல எப்படிங்க போடுறது? மூணுக்குக் கீழே இறங்கணும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை வாங்க. தடவைக்கு ஒரு புள்ளி குறைப்போம்."

மெத்தையார் மனதுக்குள் கணக்குப் போட்டார். அரை வருடம் ஓடிவிடும். "இப்பவே குறைச்சுக்கிறேங்க. இதோ பாருங்க, ஒண்ணுமே இல்ல. போயிடுச்சு."

ஆலோசகர் விரலை ஆட்டினார். "அது திடீர்த் தைரியம். அது ஆபத்து."

பிறகு, பயம் குறையும் வரை துணைக்கு இருக்கட்டும் என்று அவரை வியாழக்கிழமைக் குழுவில் சேர்த்தார்.

குழு கூடும் அறைக்குப் போகும் வழியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு குளிர்பெட்டி, பக்கத்தில் ஒரு நர்ஸ். நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்து உள்ளே தொங்கிய வெப்பமானியைப் பார்த்து ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கதவில் 'இன்சுலின் தொடக்கப் பிரிவு' என்று பெரிய எழுத்தில் இருந்ததால் மெத்தையாரால் வாசிக்க முடிந்தது.

"ஏம்மா, ஊசி போடுற இடம் இதுதானா?"

நர்ஸ் பேனாவைக் கீழே போட்டாள். "நீங்க இன்சுலினுக்கா வந்தீங்க? உண்மையாவா?" வெளியே எட்டிப் பார்த்தாள். "சீட்டு இருக்கா? ரெண்டாம் பக்கம் திறந்தாச்சா?"

"இல்லம்மா. பத்துல இருக்கேன்."

அவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். "பதினோரு வருஷமா இங்கே இருக்கேன், ஐயா. காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை வெப்பநிலை எழுதுறேன். வருஷக் கடைசில காலாவதியானத எடுத்துப் போட்டுட்டுப் புதுசு வாங்கி அடுக்குறேன். இன்னும் ஒருத்தருக்குக்கூடப் போடல. எப்படிப் போடணும்னு மறந்துடக் கூடாதேன்னு தினம் புத்தகத்தைப் படிக்கிறேன்."

"ஊசி எவ்வளவு பெரிசும்மா? நான் பாக்கலாமா?"

அவள் பேனா போன்ற ஒன்றைக் காட்டி, அதன் நுனியில் மாட்டும் சின்ன மூடியைக் கழற்றினாள். மெத்தையார் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. விரலால் தொட்ட பிறகுதான் ஊசி இருப்பதே தெரிந்தது. உள்ளே ஊசியோடு இருந்த ஒரு கூடுதல் மூடியைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

வியாழக்கிழமைக் குழுவில் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் இன்சுலினை மறுத்தவர்கள். பலர் ஏழெட்டு வருடமாக மறுத்துக்கொண்டிருந்தவர்கள். தலைவர் போல நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர். எரிகிற மூன்றாம் மாடியில் ஏறி இரண்டு பேரைத் தூக்கி வந்தவர். பதக்கம் வாங்கிய கையோடு, ரத்தம் எடுக்க வந்த பெண்ணைப் பார்த்துப் பின்கதவு வழியாக ஓடியவர்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார் அவர். "இது ரொம்ப நல்ல குழு. நான் ஏழு வருஷமா வர்றேன். பத்துல ஆரம்பிச்சேன். இப்ப ஆறு. நடுவுல ஒரு தடவை நாலுக்கு இறங்கினேன், மறுபடியும் ஏத்திட்டேன்."

"ஏத்திட்டீங்களா?"

"ரெண்டு ஆனா குழுவுல இருந்து அனுப்பிடுவாங்களே! இங்கே டீ கிடைக்குது, பேச ஆள் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் காலை மாற்றிப் போட்டார். பாதத்தில் கட்டு இருந்தது. போன வருடம் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் வேறு யாருடைய விரல்களைப் பற்றியோ பேசுவது போலப் பேசினார். பக்கத்திலிருந்த பெண் தனக்கு டயாலிசிஸ் செய்ய நாள் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். டீ வந்தது. சர்க்கரை போடாத டீ.

மெத்தையார் டீயைக் கீழே வைத்தார். அவருக்குப் பேச வராது. பையிலிருந்து தன் தொழில் ஊசியை எடுத்தார். பிறைச் சந்திரன் போல வளைந்து, ஒரு சாண் நீளம். எட்டுப் பேரும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"இது என் ஊசி" என்றார். "முப்பது வருஷத்துல இது என் கையில ஏறாத இடம் இல்ல." பிறகு நர்ஸ் கொடுத்த மூடியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இது அவங்க ஊசி."

தீயணைப்புக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்கே?"

"அதான், அதுலதான் இருக்கு."

"எங்கேப்பா? ஒண்ணும் காணோமே."

மூடி கைக்குக் கை போனது. ஒருவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். இன்னொருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தீயணைப்புக்காரர் விரலை வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்தார். அவர் முகம் கறுத்தது.

"இதுக்கா?" என்றார். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். "இந்த அரிசி நுனிக்காடா நான் ஏழு வருஷமா டீ குடிச்சேன்? ஏன்டா ஒருத்தனும் இதை எங்கிட்ட காட்டல?"

யாரும் காட்டவில்லை. ஊசி இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

*

மறு வியாழக்கிழமை மையத்துக்கு விழா. இன்சுலின் தொடக்கத் திட்டத்துக்குப் பதினோரு வருடம் நிறைந்ததை ஒட்டி, மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து பாதுகாப்புக்கான கேடயம் வழங்குவதாக ஏற்பாடு. காத்திருப்பு அறையில் மேடை போட்டிருந்தார்கள். நோயாளிகள் சுவரோரம் நின்றார்கள். மெத்தையாரையும் எட்டுப் பேரையும் பயனாளிகள் என்று எழுதிய வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

மையத்தின் இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இந்தப் பதினோரு ஆண்டுகளில் நாலாயிரம் பேருக்கு ஆலோசனை வழங்கியிருக்கிறோம். ஒருவருக்குக்கூட அவசரப்பட்டு இன்சுலின் தொடங்கியதில்லை." கைதட்டல். "தவறான அளவில் ஊசி போட்ட நிகழ்வுகள்: பூஜ்யம். சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கியவர்கள்: பூஜ்யம். ஊசி குத்திய இடத்தில் வீக்கம்: பூஜ்யம். பெரிய பெரிய மருத்துவமனைகளில்கூட இப்படி ஒரு பதிவு கிடையாது. ஏனென்றால் அவர்கள் ஊசி போடுகிறார்கள். நாங்கள் நோயாளியை மதிக்கிறோம். அவர் தயாராகும் வரை காத்திருக்கிறோம். சிலர் காத்திருக்கும்போதே நம்மை விட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அவர்கள் மதிப்போடு போகிறார்கள்."

நர்ஸ் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அட்டையை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தார்.

"இப்போது நம் பயனாளி ஒருவர் இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார் இயக்குநர்.

தீயணைப்புக்காரர் கட்டுப்போட்ட காலை ஊன்றி எழுந்தார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்படவில்லை. "எனக்கு ஊசி போடுங்க" என்றார். உடனே மற்ற ஏழு பேரும் எழுந்தார்கள். "எங்களுக்கும்!"

இயக்குநர் சிரித்தார். "உணர்ச்சிவசப்படுகிறார்கள்" என்று அதிகாரியிடம் விளக்கினார். "இது குழுவாகத் தைரியம் வரும் நிலை. இரண்டு மாதத்தில் சரியாகிவிடும்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மதியச் சாப்பாட்டுக்குள் இன்னும் இரண்டு கேடயங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. "கேக்கிறாங்கல்ல? போட்டுட வேண்டியதுதானே?"

டாக்டரின் கையில் விசிறல் நின்றது.

"போடறதுன்னா..." என்றார் இயக்குநர். "எதைங்க?"

"ஊசியத்தான். ஒருத்தருக்குப் போட்டுக் காட்டுங்க, நான் கிளம்பணும். இதோ, இவரு எந்திரிக்காமப் பொறுமையா உக்காந்திருக்காரே, இவருக்கு."

மெத்தையார் பொறுமையாக உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாரும் எழுந்ததை அவர் கண் சரியாகப் பிடிக்கவில்லை.

"அவர் பத்துல இருக்கார்!" என்று ஆலோசகர் பதறினார்.

"பத்து நிமிஷம் தர்றேன்" என்றார் அதிகாரி.

நர்ஸ் ஓடினாள். பதினோரு வருடத்தில் அவள் ஓடியதை யாரும் பார்த்ததில்லை. பேனாவோடு திரும்பி வந்து, முனையில் ஊசியை மாட்டி, இரண்டு யூனிட் வெளியே தள்ளிச் சோதித்து, "பத்து யூனிட்ல ஆரம்பிக்கலாம் டாக்டர், இவரு எடைக்கு அது சரி" என்றாள். "முதல் ஊசி டாக்டர்தான் போடணும்னு நம்ம விதி" என்று அவர் கையில் கொடுத்தாள்.

டாக்டர் வாங்கினார். மெத்தையார் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். டாக்டரின் கை வயிற்றுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. நடுங்கியது. பேனாவே நடுங்கியது.

"என்னங்க டாக்டர்?" என்று மெல்லக் கேட்டார் மெத்தையார்.

"நான் இதுவரைக்கும் போட்டதே இல்லீங்க" என்றார் டாக்டர், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நான் ஊசி போட்டு, நீங்க வீட்டுக்குப் போய், சர்க்கரை இறங்கி, எங்கேயாவது விழுந்துட்டா? மூணு வருஷமா மாத்திரை மேல மாத்திரையாச் சேர்த்தேனே, உங்களுக்குப் பயம்னு நினைச்சா சேர்த்தேன்? மாத்திரை என் கையால போடறது இல்ல. அதான்."

மெத்தையாருக்குக் கோபம் வர வேண்டும். மூன்று வருடம்! ஆனால் எதிரே மங்கலாகத் தெரிந்த அந்த நடுங்கும் கை, கடையில் முதல் நாள் ஊசி பிடிப்பவனின் கையைப் போல இருந்தது. அப்படிப்பட்ட கைகளை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க" என்றார். "தோள இறக்குங்க. மூச்ச விடுங்க. ஊசியோட சண்டை போடக் கூடாது, அது பாட்டுக்குப் போகும். விழுந்தா எந்திரிக்கறதுக்கு என்ன செய்யணும்னு நர்ஸம்மா சொல்லிக் கொடுப்பாங்க. பையில நாலு மிட்டாய் வெச்சுக்கிறேன், போதுமா?"

பயக்கோலோடு பக்கத்தில் நின்ற ஆலோசகர், பழக்க தோஷத்தில் கேட்டார்: "இப்ப பயம் எவ்வளவு?"

"பத்து" என்றார் டாக்டர்.

ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

ஊசி இறங்கியது. நர்ஸ் பத்து எண்ணினாள். கூடவே எட்டுப் பேரும் எண்ணினார்கள். டாக்டர் ஊசியை எடுத்தார். மெத்தையாரின் வயிற்றில் ஒரு புள்ளிகூட இல்லை.

"வலிச்சுதா?" என்று கேட்டார் டாக்டர்.

"போட்டுட்டீங்களா?" என்று கேட்டார் மெத்தையார்.

"இப்ப எவ்வளவு?" என்றார் ஆலோசகர்.

"ரெண்டு" என்றார் டாக்டர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டுகூட இருக்காது."

ஒரே நிமிடத்தில் எட்டுப் புள்ளி! ஆலோசகர் கண்கலங்கினார். இயக்குநர் அந்தக் காகிதத்தைப் பிடுங்கி அதிகாரியிடம் காட்டினார். அதிகாரி கேடயத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பாரத்தின் அடியில் கையெழுத்துக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன: இடதுபக்கம் நோயாளி, வலதுபக்கம் சிகிச்சையைத் தொடங்கியவர். எழுத்து மங்கியதால் மெத்தையார் கைக்கு வாகாக வலதுபக்கக் கட்டத்தில் போட்டார். டாக்டர் மிச்சமிருந்த கட்டத்தில் போட்டார். இரண்டு கட்டமும் நிரம்பியிருந்ததால் கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

*

அதன் பிறகு மெத்தையார் நர்ஸிடம் கற்றுக்கொண்டு தினமும் தானே போட்டுக்கொண்டார். முதல் இரண்டு வாரம் பார்வை இன்னும் கொஞ்சம் குழம்பியது. அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். யூனிட் இரண்டிரண்டாக ஏறியது, சர்க்கரை இறங்கியது. டாக்டருக்கு மையத்திலிருந்து வீட்டுக்கு ஒரு பெட்டி இன்சுலினும், மாதாமாதம் பாதத்தைக் காட்ட வரும்படி ஓர் அழைப்பும் போனதாகக் கேள்வி. முதல் மாதம் போய்க் காட்டிவிட்டும் வந்தாராம்.

ஆறாவது வாரம் மெத்தையாருக்கு ஒரு கடிதம் வந்தது. மனைவி அலுவலகத்திலிருந்து கையோடு எடுத்து வந்தாள். வழக்கம்போலப் பிரித்து வாசிக்கப் போனவளை அவர் தடுத்தார்.

"இங்கே கொடு."

கையை நீட்டிப் பிடித்தார். கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டு வாசித்தார்.

"இன்சுலின் தொடங்கிவைக்கத் தகுதிபெற்ற, பெருமதிப்புக்குரிய ஐயா. எட்டு நோயாளிகள் தங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். வரும் வியாழன் காலை ஒன்பது மணிக்கு வந்து தொடங்கிவைக்கவும். ஊசியை இனி நர்ஸே போடுவார். தாங்கள் உடன் இருந்து கையெழுத்து இட்டால் போதும்."

மனைவி வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இன்னும் முடியவில்லை. காகிதத்தின் அடியில், எறும்பு வரிசை போல ஒரு பொடி வரி ஓடியது. மெத்தையார் அதை ஜன்னல் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

"இக்கடிதம் தவறுதலாகத் தங்களை வந்தடைந்திருப்பின் உடனடியாகத் திருப்பி அனுப்பவும்."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி போட்டவர்கள்கூட விட்டுவிடும் வரி அது. முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

"திருப்பி அனுப்பணுமாங்க?"

மெத்தையார் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்தக் கடைசி வரி என் கண்ணுக்குத் தெரியலைன்னு வெச்சுக்கோ."